வினாக்கொத்தைத் திருத்தும் ஊர்கள்: வாகரை முதல் பொத்துவில் வரை

திங்கள் – மட்டக்களப்பு நகர், நாவலடி, திராய்மடு

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தால் விடியற்காலையில் மட்டக்களப்பில் இறங்கலாம். கச்சேரி (மாவட்டச் செயலகம்) திறக்கும்வரை குளிக்கவும் சாப்பிடவும் நேரம் இருக்கும்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து கிழக்கிலங்கையில் செய்யவிருக்கும் இடம்பெயர்வு ஆய்வொன்றின் முன்பயணம் இது. வினாக்கொத்து இன்னும் வரைவுதான். நிதி கொடுப்பவரிடம் போவதற்கு முன்னரே ஊர்களில் அதைக் காட்டித் திருத்தவேண்டும் என்பது ஏற்பாடு. வழமையில் நடப்பது தலைகீழ். பணம் வந்து, கேள்விகளும் முடிவான பிறகே உள்ளூர்ப் பங்காளியைத் தேடுவார்கள். அப்போது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கு மிஞ்சுவது ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை மட்டும்தான்.

முதலில் கடிதம். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் கடிதத் தலைப்பில், துறைத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் வைத்து அரசாங்க அதிபருக்கு ஒன்று எழுதவேண்டும். போகவிருக்கும் ஒவ்வொரு பிரதேச செயலாளருக்கும் அதன் பிரதி போகவேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 14. எல்லாவற்றுக்கும் அனுப்புவது வீண். வருபவர்களின் பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம், வாகன இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவுகள், தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் அதில் இருக்கவேண்டும். "ஆய்வு முடியும்வரை" என்று எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். வெளிநாட்டுப் பங்காளி சுற்றுலா விசாவில் வந்து நேர்காணல் எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் விளக்கம் சொல்லவேண்டி வருவது உள்ளூர்ப் பங்காளிதான்.

கிராம உத்தியோகத்தர் அறிமுகப்படுத்தாமல் யாரும் பேசமாட்டார்கள். அவர் பக்கத்தில் இருந்தால் யாரும் உள்ளதைப் பேசமாட்டார்கள். அறிமுகம் முடிந்ததும் அவர் போய்விட வேண்டும் என்பதை முதல்நாளே பணிவாகச் சொல்லிவைப்பது நல்லது. அவரும் பெரும்பாலும் சந்தோஷமாகப் போய்விடுவார், அவருக்கு வேலை கிடக்கிறது.

பின்னேரம் நாவலடி. வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டது, ஆனால் அதற்குள் நாவலடிச் சனம் பலர் நகருக்கு வடக்கேயுள்ள திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டுவிட்டனர். வீடு அங்கே, தோணியும் வலையும் இங்கே.

வரைவின் முதல் கேள்வி, "நீங்கள் தற்போது இடம்பெயர்ந்தவரா? ஆம் / இல்லை." திராய்மடுவில் கல்வீடும் பத்திரமும் உள்ளவர் "இல்லை" என்பார். அரசாங்கத்தின் கணக்கும் அதுதான். ஆனாலும் கடலுக்குப் போய்வரும் செலவு ஒவ்வொரு நாளும் அவருடைய கையிலிருந்து போகிறது. அதனால் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு நான்கு இடங்களைக் கேட்கலாம்: இரவு எங்கே படுக்கிறீர்கள், உழைப்பு எங்கே, வாக்கு எங்கே பதிவு, பிள்ளை எங்கே படிக்கிறது. நான்கும் ஓரிடமா, வெவ்வேறா என்பதைப் பார்த்தே பாதி விடயம் தெரிந்துவிடும். இடம்பெயர்வு எப்போது முடிகிறது என்பதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் 2010 ஆம் ஆண்டுச் சட்டகம் பாதுகாப்பு, வாழ்க்கைத் தரம், தொழில், வீடு காணி, ஆவணங்கள் முதலான எட்டு அளவுகோல்கள் தருகிறது. திராய்மடுவுக்கு அது பொருந்தும். ஆம்/இல்லை பொருந்தாது.

செவ்வாய் – வந்தாறுமூலை

கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமானது. 1990 இல் இந்த வளாகமே அகதி முகாம். அவ்வருடம் செப்டம்பர் 5 அன்று இங்கிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. ஆய்வு ஒப்பந்தம் பேசும் மேசையும் ஒரு களம்தான் என்பதை வெளிநாட்டுப் பங்காளி வரும்முன் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நடைமுறை விளைவு உண்டு. நேர்காணல் எடுக்கப் போகும் மாணவர்கள் பலர் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள். நெறிமுறை விண்ணப்பத்தில் "பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்கள்" என்ற பகுதியில் பதிலளிப்பவர்களை மட்டும் எழுதுவார்கள். ஆய்வு உதவியாளர்களையும் எழுதவேண்டும். யாரையும் சொந்த ஊருக்கு அனுப்பக் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டு நேர்காணலுக்கு மேல் வேண்டாம். உளவளத்துணைக்கு வரவுசெலவில் தனித் தொகை போடவேண்டும். "தேவைப்பட்டால் பார்ப்போம்" என்பது பார்க்கமாட்டோம் என்பதுதான்.

நெறிமுறை அனுமதி இரண்டு இடத்தில் எடுக்கவேண்டும், இரண்டு பல்கலைக்கழகத்திலும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் மீளாய்வுக் குழு இருக்கிறது. தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழிலும் வேண்டும், அம்பாறைக்குப் போவதானால் சிங்களத்திலும். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம் இல்லை. சிக்கல் வருவது இரண்டு குழுவும் முரண்படும்போது. வெளிநாட்டுக் குழு எழுத்தில் கையொப்பம் கேட்கும். தரவைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றச் சொல்லும். இங்கே கையொப்பம் வைத்த தாள் ஒரு வீட்டில் கிடப்பதே ஆபத்து. யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று பின்னால் வேறு ஆட்கள் வந்து விசாரித்தால் அந்தத் தாள்தான் முதலில் கையில் அகப்படும். வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவின் தொடக்கத்தில் பெயரில்லாமல் பதிவது போதும். முரண்பட்டால் பதிலளிப்பவரை எது கூடுதலாகக் காக்கிறதோ அதுவே செல்லும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடலாம். இடம்பெயர்வு ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2018 இல் வெளியிட்ட நெறிமுறைக் கோவையை வெளிநாட்டுக் குழுவுக்கு இணைத்து அனுப்பினால் வாதம் சுருங்கும்.

அடுத்தது பணம். எல்லாரும் பிழைவிடும் இடம் எழுத்தாக்கம். ஒரு மணிநேர ஒலிப்பதிவை எழுத்தில் கொண்டுவர ஆறிலிருந்து எட்டு மணிநேரம் எடுக்கும். 40 நேர்காணல், ஒவ்வொன்றும் ஒன்றரை மணிநேரம் என்றால் 60 மணிநேரம். ஏழால் பெருக்கினால் 420. காதுக்கும் மனதுக்கும் தாங்கக்கூடிய அளவு நாளுக்கு ஆறு மணிநேரம் என்றால் ஒருவருக்கு 70 வேலைநாள். வரவுசெலவில் ஒரு மாதம்தான் போட்டிருப்பார்கள். இதற்கு மேல் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொன்னால் செலவு இரட்டிக்கும். வகைப்படுத்தலைத் தமிழிலேயே செய்து, மேற்கோள் காட்டும் பகுதிகளை மட்டும் மொழிபெயர்ப்பதே சரி. அப்போது தமிழ் தெரியாத பங்காளி முடிவுகளைத் தனியாக எழுத முடியாது. அதுவும் நல்லதுதான்.

கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதையும் இப்போதே எழுதவேண்டும். தரவின் ஒரு முழுப்பிரதி உள்ளூரில் இருக்கவேண்டும், மறைகுறியிட்ட வன்தட்டில், திறவுச்சொல் வேறொருவரிடம். 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடலாம். அடையாள அட்டை இலக்கத்தைப் பதிலளிப்பவருக்கான குறியீடாக எடுப்பது இங்கே பரவலான பழக்கம். உடனே விடவேண்டிய பழக்கம். பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500 கூடும். பெயரை அழித்துவிட்டு அந்த எண்ணை வைத்திருந்தால் எதையும் அழிக்கவில்லை என்று அர்த்தம்.

புதன் – வாகரை, கதிரவெளி

திருகோணமலை வீதியில் வாழைச்சேனை, ஓட்டமாவடி, காயான்கேணி, மாங்கேணி தாண்டிப் பனிச்சங்கேணிப் பாலம். அதற்கு அப்பால் போன் சமிக்ஞை வந்து வந்து போகும். போனில் படிவம் நிரப்பும் செயலியான கோபோ டூல்பாக்ஸ் இணையமில்லாமலும் வேலை செய்யும், ஆனால் படிவத்தை நகரிலேயே தரவிறக்கிவிட்டு வரவேண்டும். காலையில் திருத்திய படிவத்தை இங்கே வந்து இறக்கலாம் என்று நினைத்தால் ஒருவரிடம் புதியது, மற்றவரிடம் பழையது. இரண்டு தரவையும் பிறகு ஒட்டுவது தலைவேதனை.

2006 ஓகஸ்டில் யுத்தத்தால் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்து கிளம்பிய சனம் வெருகலைத் தாண்டி வாகரைக்கு வந்தது. வாகரை மக்கள் இடம்கொடுத்தார்கள். நவம்பர் 8 அன்று, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலைமேல் எறிகணை விழுந்து பலர் இறந்தனர். 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைப் பிடித்தது. அதற்கு முந்திய வாரங்களில் வந்தவர்களும் இடம்கொடுத்தவர்களும் சேர்ந்தே தெற்கே நடந்தார்கள். வரைவில் இருக்கும் கட்டம் "வரவேற்ற குடும்பம் / இடம்பெயர்ந்த குடும்பம், ஒன்றைத் தெரிவு செய்க." இங்கே ஒரு குடும்பம் ஆறு மாதத்துக்குள் இரண்டுமாக இருந்திருக்கிறது.

தீர்வு, குடும்பத்துக்குப் பட்டம் கட்டாமல் ஒவ்வொரு நகர்வையும் தனிப் பதிவாக எடுப்பது. மூன்று நகர்வுக்கு மூன்று நிரல் என்று படிவம் செய்தால் நான்காவது நகர்வு குறிப்பில் போய் ஒளிந்துகொள்ளும். கோபோவில் மீள்வரும் தொகுதி என்ற வசதி இருக்கிறது. எத்தனை நகர்வானாலும் திறக்கும். ஒவ்வொன்றுக்கும்: எப்போது கிளம்பியது, யார் யார் வந்தார்கள், யார் பின்தங்கினார்கள், முதல் இரவு எங்கே, பிறகு எத்தனை இடம், நிவாரண அட்டை யார் பெயரில், திரும்பியபோது காணியில் என்ன இருந்தது. இவற்றுள் அதிகம் தருவது முதல் இரவுக் கேள்வி. முகாம் பதிவேடுகள் முகாமில் தொடங்கும்; அதற்கு முந்திய மரத்தடியும் கோயில் மண்டபமும் உறவினர் திண்ணையும் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

இன்னொன்று. வாகரைப் பக்கம் குஞ்சன்குளம் போன்ற ஊர்களில் கரையோர வேடர் வாழ்கிறார்கள், தமிழ் பேசுபவர்கள். தேனுக்கும் வேட்டைக்கும் மீனுக்கும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவது அவர்களுடைய வழமை. "கடந்த பத்தாண்டில் எத்தனை முறை இடம் மாறினீர்கள்?" என்று கேட்டால் அதையும் சொல்வார்கள், கணினி அதையும் இடம்பெயர்வாக எண்ணும். "போக விரும்பினீர்களா, திரும்ப முடிந்ததா" என்ற இரண்டு துணைக் கேள்விகள் இல்லாமல் இங்கே எந்த எண்ணையும் நம்பமுடியாது.

ஒலிப்பதிவு பற்றி: கடற்கரையில் காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். சட்டையில் குத்தும் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை போட்டு, வீட்டின் காற்று மறைவுப் பக்கத்தில் இருக்கவேண்டும். தரமான ஒற்றைத்தட ஒலிக்கோப்பு மணிக்குச் சுமார் 320 மெகாபைட். 32 கிகாபைட் அட்டை பயணம் முழுவதற்கும் போதும். அட்டை நிறைவதால் பதிவு போவதில்லை, மின்கலம் முடிவதால்தான் போகும். இரண்டு கருவி ஓடவேண்டும்.

வியாழன் – படுவான்கரை

வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போவது சுலபம். அதற்கு முன் "பாதை" எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்கவேண்டும். மண்டூருக்குக் குருமண்வெளியிலிருந்து போனால் அந்த அனுபவம் கிடைக்கும், மோட்டார் சைக்கிளோடு ஏறிவிடலாம்.

2007 மார்ச்சில் இந்தக் கரையிலிருந்து சனம் மொத்தமாக எழுவான்கரைக்குக் கடந்தது. மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை அப்போது ஒன்றரை இலட்சத்தைத் தொட்டது. ஆனால் இங்கே 2007 ஐ மட்டும் கேட்பவர் அடுக்குச் சட்டியில் மேல்சட்டியை மட்டும் திறந்து பார்த்தவர் மாதிரி. வயதானவர்களுக்கு 1978 புயல், 1990, 2004, 2007, 2011 வெள்ளம் எல்லாம் உண்டு.

ஆண்டைக் கேட்டால் ஆண்டு வராது. நினைவு நாட்காட்டி ஒன்று வேண்டும். நீளத் தாளில் இடப்பக்கம் எல்லாருக்கும் பொதுவானவை: 1978 நவம்பர் 23 சூறாவளி, 1990 ஜூன் யுத்தம், கடல்கோள், 2011 ஜனவரி வெள்ளம். வலப்பக்கம் அந்த வீட்டுக்குரியவை: கல்யாணம், பிள்ளை பிறந்தது, பிள்ளை முதலாம் வகுப்பு, சாவு. முதலில் வலப்பக்கத்தை நிரப்பவேண்டும், பிறகுதான் நகர்வுகள். மாதத்துக்கு கோயில்களும் வயலும் உதவும்: மாமாங்கம் தீர்த்தம் ஆடி அமாவாசை, கண்ணகி அம்மன் சடங்கு வைகாசி, பெரும்போக நெல் வெட்டு மாசி பங்குனி. "சடங்குக்கு முன்னா, பிறகா?" என்று கேட்டால் இரண்டு கிழமைக்குள் வந்துவிடலாம். அதற்குப் பிறகும் சரியான நாளைப் படிவத்தில் கட்டாயமாக்கினால் நேர்காணல் எடுப்பவர் 01 என்று போட்டுவிடுவார். ஒரு திகதிக்குப் பதில் இரண்டு: எதற்கு முன்னதாக இருக்காது, எதற்குப் பின்னதாக இருக்காது.

பெரும்போக வெட்டுக் காலத்தில் வரவே கூடாது. மாரியில் வந்தால் வீதி வெள்ளத்தில். வைகாசியிலிருந்து ஆவணிவரை நல்ல காலம். பின்னேரம் ஐந்து மணிக்குள் பிரதான வீதிக்கு வந்துவிடவேண்டும், யானை.

இந்தக் கரையில் வினாக்கொத்து அதிகம் உடையும் இடம் "குடும்பத் தலைவர்." மட்டக்களப்பு வழமையில் வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பாள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். கடல்கோள் வீட்டுத் திட்டங்களிலும் மீள்குடியேற்றத்திலும் படிவம் குடும்பத் தலைவரைக் கேட்டது, பல இடத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. பெண்ணின் வீடு அழிந்து ஆணின் வீடாகத் திரும்பி வந்தது. கணவன் பிரிந்தாலோ காணாமற் போனாலோ அதன் விளைவு தெரியவரும். ஆகவே அழிந்த வீடு யாருடையது, வந்த வீடு யாருடையது என்று இரண்டு கேள்வி. ஆணிடமும் பெண்ணிடமும் தனித்தனியாக.

காணிக்கு எந்தக் கடதாசி என்பதையும் கேட்கவேண்டும். உறுதியா (தனியார் உரிமைப் பத்திரம்), அரசின் அனுமதிப்பத்திரமா, அரசின் அளிப்பா, வெறும் குடியிருப்பா. இது சடங்குக் கேள்வி அல்ல. 2016 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, நீண்டகாலம் வைத்திருப்பவருக்கு உரிமை தரும் ஆட்சியுரிமைக் கணக்கிலிருந்து விலக்கி, காணியை விட்டு ஓடியவர்களுக்கு வழி செய்தது. உறுதிக் காணிக்குத்தான் அது உதவியது. படுவான்கரையில் பெருமளவு அனுமதிப்பத்திரக் காணி. அது 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். அதில் வாரிசுரிமையில் இருந்த ஆண் முன்னுரிமை 2022 இல்தான் நீங்கியது.

வெள்ளி – நகரில்

வெள்ளி நண்பகலில் முஸ்லிம் ஊர்களான ஏறாவூருக்கோ காத்தான்குடிக்கோ நேர்காணலுக்குப் போவது முறையல்ல. இன்று படிவத் திருத்தம் மட்டும்.

அந்த ஊர்களுக்காக ஒன்று சேர்த்தோம். படுவான்கரையில் வயல் வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல 1990 க்குப் பிறகு வீட்டை விட்டு எங்கும் போகவில்லை, வயலுக்குத்தான் போகமுடியாமல் போனது. வீட்டை மட்டும் கேட்கும் படிவத்தில் அவர்கள் "பாதிப்பில்லை." இனி வயல், மேய்ச்சல், கரைவலைப் பாடு (கரைவலை இழுக்கும் இடம்) மூன்றுக்கும் படிவத்தில் தனி வரி.

ஒன்றை நீக்கினோம்: படகில் வெளிநாடு போக முயன்றீர்களா என்ற கேள்வி. 2012 இல் இந்தக் கரையிலிருந்தும் அவுஸ்திரேலியாவுக்குப் பலர் கிளம்பினார்கள். ஆனால் அனுமதியில்லாத வழியில் நாட்டை விட்டு வெளியேறுவது குடிவரவு குடியகல்வுச் சட்டப்படி குற்றம். ஆய்வாளரின் குறிப்பேட்டை நீதிமன்றம் கேட்டால் மறுக்க எந்தத் தனிச் சலுகையும் இல்லை. காக்கமுடியாத பதிலைக் கேட்கக்கூடாது.

சனி – கல்முனை, ஒலுவில், அக்கரைப்பற்று

அம்பாறை 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்த மாவட்டம். 1956, 1958 கலவரக் காலத்துப் பதிவுகளைத் தேடுபவர் மட்டக்களப்புக் கோவைகளில் தேடவேண்டும். அம்பாறை நகரிலுள்ள கச்சேரிக்குச் சிங்களக் கடிதம், கரையோரப் பிரதேச செயலகங்களுக்குத் தமிழ்க் கடிதம். ஒன்றை மட்டும் கொண்டுபோனால் ஒரு நாள் போகும்.

கடல்கோளில் நாட்டிலேயே அதிகம் பேர் இறந்தது இந்த மாவட்டத்தில். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் கடலுக்கும் வயலுக்கும் நடுவே வீடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. பின்னுக்குப் போகச் சொன்னால் போக இடம் கிடையாது, பின்னுக்கு இருப்பது வயல். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நிதியில் 500 வீடுகள் கட்டினார்கள். பகிர்வு பற்றிய வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தன. கட்டிய வீடுகளை எண்ணி மீள்குடியேற்றத்தை அளப்பது பிழை என்று காட்ட இந்த ஓர் இடம் போதும்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இடம்பெயர்வின் விளைவுதான். யுத்தத்தால் படிப்பைத் தொடரமுடியாத மாணவர்களுக்காக 1995 இல் தொடங்கியது. கிழக்கில் இடம்பெயர்வு ஆய்வுக்கு கிழக்கு, தென்கிழக்கு என்ற இந்த இரண்டு பல்கலைக்கழகத்தில் ஒன்றை மட்டும் பங்காளியாகச் சேர்த்தால் மாதிரி பாதியாகும்: தமிழ் ஊர்கள் மட்டும், அல்லது முஸ்லிம் ஊர்கள் மட்டும். தமிழ் ஊரான வீரமுனையில் 1990 ஐக் கேட்பவர் பக்கத்து முஸ்லிம் ஊரிலும் 1990 ஐக் கேட்கவேண்டும். இரண்டு அணி, ஒரே படிவம், ஒரே வாரம்.

ஞாயிறு – பொத்துவில், பாணமை

பொத்துவில் கனகர் கிராமத்து மக்கள் 1990 இல் வெளியேறியவர்கள். 2018 இல் காணி கேட்டுத் தொடர் போராட்டம் நடத்தினார்கள். முப்பது வருடம் ஆளில்லாத காணியில் காடு வளரும். காடு வளர்ந்தால் அது வன நிலம் என்று எல்லைக்கல் வரும். படிவத்தில் "காணியின் தற்போதைய நிலை" என்பதற்கு வெறுமை, குடியிருப்பு, வேறொருவர் என்று மூன்று தெரிவுதான் இருந்தது. வனம், வனவிலங்கு, படை, தொல்லியல், கோயில், நிறுவனம் என்று சேர்த்தாயிற்று.

பாணமை சிங்களமும் தமிழும் கலந்த பழைய ஊர். 2010 இல் ராகம்வெல, சாஸ்திரவெலப் பக்கம் வெளியேற்றப்பட்டவர்கள் சிங்கள விவசாயிகள். அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அம்பாறையின் காணிக் கதை ஓர் இனத்தின் கதையாகத் தெரியும். சிங்களம் தெரிந்த உதவியாளருக்கு வரவுசெலவில் இடம் வைக்கவேண்டும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து எடுக்கும் நேர்காணல் இரட்டை நேரம் எடுத்துப் பாதி விடயம் தரும்.

முடிவுகளைத் திருப்பிக் கொடுப்பதற்கும் இப்போதே திட்டம் வேண்டும். இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம், சிங்களப் பிரதியும், ஊர்ப் பெயர் இல்லாமல். மாதர் சங்கத்திலோ மீனவர் சங்கத்திலோ வாசித்துக் காட்டி, பிழை என்று சொல்வதைத் திருத்தி, அதற்குப் பிறகு கட்டுரை. இதற்கு ஒரு மாதமும் வாகனச் செலவும் தேவை. முன்மொழிவில் கடைசி ஆண்டின் கடைசி மாதத்தில் போட்டால் பணம் தீர்ந்திருக்கும், பதினெட்டாம் மாதத்தில் போடுவது பாதுகாப்பு.

போகும்முன் ஒரு சின்ன வேலை. பயணத்தில் பார்த்த ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் தொலைபேசியில் சொல்லி, முடித்துவிட்டோம், இன்ன திகதிக்குப் பிறகு எங்கள் பெயரில் யாரும் வரமாட்டார்கள் என்று கடிதமும் அனுப்பவேண்டும். பழைய கடிதத்தைக் காட்டிக்கொண்டு வேறு யாரோ விபரம் எடுக்கப் போனால் பதில் சொல்லவேண்டியது கிராம உத்தியோகத்தர்.